பாத்தியும் பாத்தியதையும்

இந்த வருடம் முடிவதற்குள் என் வீட்டுப் பின்பக்கத்தில் டேபிள் டென்னிஸ் ஆடியே தீருவது என்று முடிவெடுத்தேன். நான் முடிவெடுப்பது அபூர்வம். எங்கள் வீட்டில் முடிவுகளை மனைவி எடுப்பாள். நான் எடுப்பது வாசலில் கிடக்கும் பேப்பரை.

அச்சகம் ஒன்றில் பிழை திருத்துகிறேன். பிழைதான் என் பிழைப்பு. எவனோ விட்ட ஒற்றெழுத்தை அறையின் அந்தக் கோடியிலிருந்தே பிடித்துவிடுவேன். ஆனால் வீட்டுக்குள் கால் வைத்ததும் நானே பிழையாகிவிடுவேன். மனைவி நூலகத்தில் வேலை பார்க்கிறாள். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அதற்கு அவசியமும் வந்ததில்லை. மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பாள். தப்பான அடுக்கில் இருக்கும் புத்தகம் போல நான் எழுந்து என் இடத்துக்குப் போய்விடுவேன்.

நடந்தது இதுதான். அச்சகத்தில் நாங்கள் விளையாட ஓர் அறை இருந்தது. அதைக் காகிதக் கிடங்காக்கப் போகிறார்களாம். "அங்கே இருக்கிற டேபிள் டென்னிஸ் மேஜையை யாராவது தூக்கிட்டுப் போனா சும்மாவே தரேன்" என்றார் முதலாளி. என் கை தானாக உயர்ந்தது. உயர்ந்த பிறகுதான் வீடு ஞாபகம் வந்தது.

கூடத்தில் போட முடியாது. போட்டால் குடும்பமே மேஜைமேல்தான் நடமாட வேண்டும். முன்பக்கம் முழுக்கப் படிக்கட்டு. பின்பக்கத்தில் ஒரே ஓர் இடம் அளவெடுத்தது போல இருந்தது. சமதரை, நல்ல வெளிச்சம். ஆனால் அங்கே என் மனைவியின் ஸ்ட்ராபெர்ரிப் பாத்தி.

அதைச் சாதாரணப் பாத்தி என்று நினைத்துவிடாதீர்கள். பழம் மண்ணில் படாமலிருக்க வைக்கோல் மெத்தை. பறவை கொத்தாமலிருக்க மேலே வலை. நத்தை நெருங்காமலிருக்கச் சுற்றிலும் முட்டை ஓட்டுத் தூள். எனக்குக்கூட அவள் இவ்வளவு செய்ததில்லை. எனக்கும் மெத்தை உண்டு, வலையும் உண்டு. அந்த வலை வேறு.

பாத்தி அவளுடையது, சரி. வீட்டில் பாதி எனக்கும் பாத்தியதை இல்லையா? கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். மூக்குக்கண்ணாடி கொஞ்சம் கீழே இறங்கியது. கொட்டாவி விடுவது போலப் பாவனை செய்து மூடிக்கொண்டேன்.

அச்சகத்திலிருந்து தூக்கி வந்த மேஜை, இடம் கிடைக்கும்வரை பக்கத்து வீட்டுக் கார் கொட்டகையில் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் பல் டாக்டர். கல்லூரியில் டேபிள் டென்னிஸ் சாம்பியனாக இருந்தாராம். அவர்தான் சொல்வார். வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் பலகை வேலி. ஒரு காலையில் அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"என்ன சார், இடம் ரெடியா? என் கார் தெருவுல நனையுது. வீட்ல தினம் கேக்கறாங்க."

"ஸ்ட்ராபெர்ரி இருக்கே டாக்டர்."

"எத்தனை வருஷச் செடி?"

"நாலு இருக்கும்."

எட்டிப் பார்த்தார். கடைவாய்ப் பல்லைப் பார்க்கும்போது அவர் முகம் இப்படித்தான் ஆகும்.

"முடிஞ்சுது சார்."

"எது?"

"செடி. ஸ்ட்ராபெர்ரிக்கு மூணு வருஷம்தான் வாலிபம். அப்புறம் பழம் சிறுத்துடும். போன தடவை பழம் எப்படி இருந்திச்சு?"

"சட்டைப் பொத்தான் மாதிரி."

"அதான் பாருங்க. எடுத்துடணும்."

"எப்படி?"

"வேரோட."

பல் டாக்டரிடம் வேறென்ன ஆலோசனை கிடைக்கும்?

"வலிக்குமா டாக்டர்?"

"செடிக்கா?"

"எனக்கு."

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அனுபவமுள்ள டாக்டர்கள் அப்படித்தான்.

திட்டம் பிறந்தது. செடிகள் கிழடாகிவிட்டன என்று சொல்லிப் பிடுங்க வைப்பது. காலியான இடத்தில் தற்காலிகமாக மேஜையைப் போடுவது. எங்கள் வீட்டில் தற்காலிகமாக வந்த எதுவும் திரும்பிப் போனதில்லை. அவளுடைய தையல் மெஷின் அப்படித்தான் என் அறைக்குள் வந்தது. இப்போது நான்தான் அதன் அறையில் தற்காலிகமாக உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரே ஒரு சிக்கல். பழைய செடி போன இடத்தில் அவள் புதுச் செடி வைத்துவிட்டால்? அதற்கும் வழி கிடைத்தது. அந்தச் சமயம் அச்சகத்துக்குத் தோட்டக்கலைப் புத்தகம் ஒன்று வந்திருந்தது. பிழை பார்த்துக்கொண்டே போனால், ஸ்ட்ராபெர்ரி இருந்த மண்ணில் உடனே ஸ்ட்ராபெர்ரி வைக்கக் கூடாது என்று ஒரு வரி. பழைய நோய்கள் மண்ணிலேயே தங்கியிருக்குமாம். அந்த வரியை எழுதியவருக்கு மனதுக்குள் மாலை போட்டேன்.

சாப்பிடும்போது ஆரம்பித்தேன்.

"உன் செடிக்கெல்லாம் வயசாயிடுச்சு."

"யாருக்குத்தான் ஆகலை?" என்று என் தலையைப் பார்த்தாள்.

"நாலு வருஷம் ஆச்சு. பழம் சிறுத்துப் போச்சு. இனிமே வெச்சிருக்கிறது வீண்."

"சரி."

அவள் சொல்லக்கூடிய மறுப்புகள் அத்தனைக்கும் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். "சரி" என்பதற்கு மட்டும் பதில் வைத்திருக்கவில்லை.

"சரின்னா?"

"சரின்னா சரிதான். எடுத்துடலாம். நீங்களே எடுத்துக் குடுத்துடுங்க, எனக்கு முதுகு வலி. ஆனா இப்ப வேண்டாம், கொஞ்ச நாள் போகட்டும். அது சரி, புதுச் செடி எங்கே வைக்கிறது?"

"அதுதான் முக்கியம். அதே மண்ணுல வைக்கவே கூடாது. நோய் பிடிக்கும். மண்ணுக்கு ஓய்வு குடுக்கணும்."

"நல்லாத் தெரியுமா? அப்புறம் மாத்திப் பேசக் கூடாது."

"நான் புரூஃப் பார்த்த புத்தகம். ஒரு எழுத்து மாறாது."

"எங்கே, இன்னொரு தடவை சொல்லுங்க."

"அதே மண்ணுல வைக்கக் கூடாது."

தலையாட்டினாள். கேட்காமலே இன்னொரு கரண்டி பரிமாறினாள். அந்தக் கரண்டியிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு வீட்டில் சில விசித்திரங்கள் நடந்தன. தகர டப்பாக்கள் மாயமாயின. நான் முகம் மழிக்கிற கிண்ணம் காணாமல் போனது. அவள் தலைமுடி கழுத்தைத் தாண்டாது, ஆனால் கடையிலிருந்து கொண்டை ஊசியாக வாங்கி வந்தாள். கடைசியில் ஒரு காலையில் என் காபி மக்கையும் காணோம்.

"என் மக் எங்கே?"

"அதுக்கு வேலை இருக்கு."

"மக்குக்கு என்ன வேலை?"

"அதைத்தான் நானும் கல்யாணமான நாள்லேர்ந்து கேட்டுட்டிருக்கேன்" என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

தம்ளரில் காபி குடித்துவிட்டுப் பின்பக்கம் போனேன். பாத்தியிலிருந்து நீள நீளமாக ஓடுகொடிகள் கிளம்பி, பலகை வேலிக்கு அடியில் இருந்த சந்தில் நுழைந்து டாக்டர் வீட்டுப் பக்கம் போயிருந்தன.

"பாரு, செடிகூட இந்த வீட்டை விட்டு ஓடப் பார்க்குது" என்றேன்.

"நீங்க ஓடலையே" என்றாள். பாராட்டா, வருத்தமா, கண்டுபிடிக்க முடியவில்லை.

சில வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளே மண்வெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தாள். "இப்ப எடுத்துடலாம்."

எடுத்தேன். நாலு வருட வேர் பூமியின் மறுபக்கம் வரை போயிருந்தது. இடுப்பு என்று ஓர் உறுப்பு எனக்கு இருப்பது அன்றுதான் தெரிந்தது. அவள் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"அந்த மூலையில ஒரு துண்டு வேர் நிக்குது பாருங்க."

"எடுத்துட்டேன்."

"வைக்கோலை அப்புறப்படுத்துங்க. மண்ணை நல்லாத் தட்டிச் சமமாக்குங்க. உள்ளே ரசமட்டம் இருக்கு, வெச்சுப் பாருங்க."

"ஓய்வெடுக்கிற மண்ணுக்கு ரசமட்டம் எதுக்கு?"

"ஓய்வுன்னா நேராப் படுத்துத்தானே எடுக்கணும்?"

எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம். மேஜை ஆடாமல் நிற்க என்னென்ன வேண்டுமோ, அத்தனையும் அவளே சொல்லிச் செய்ய வைக்கிறாள்! ரசமட்டத்தின் குமிழி நடுவில் வந்து நின்றது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு மெல்ல ஆரம்பித்தேன்.

"இடம் சும்மா கிடக்கே... டாக்டர் வீட்ல ஒரு பழைய மேஜை... தற்காலிகமா..."

"டேபிள் டென்னிஸ் மேஜைதானே? கொண்டாங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"டாக்டர் வீட்டம்மாவுக்குத் தெரியும். காலையில நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதானே நடக்கறோம்? நடக்கும்போது வாயும் நடக்கும்."

திட்டு இல்லை. பார்வை இல்லை. கண்ணாடி மூக்கின் மேலேயே இருந்தது. இவளைப் போய் இத்தனை காலம் தப்பாக நினைத்துவிட்டோமே என்று எனக்குக் கண்கூடக் கலங்கியது. வியர்வையாகவும் இருக்கலாம்.

நானும் டாக்டரும் மேஜையைத் தூக்கி வந்தோம். அது மேஜை இல்லை, மலை. விரித்தோம், நிறுத்தினோம். பாத்தி இருந்த இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. மேஜை நடுவில் குறுக்கே நெட் கட்டினேன். டாக்டர் மட்டையைச் சட்டையில் துடைத்தார். நான் பந்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன்.

"ஒரு நிமிஷம்" என்றாள் மனைவி.

மெழுகுத்துணி ஒன்றைக் கொண்டுவந்து மேஜையின் இரு பக்கமும் விரித்தாள். பனி படாமலிருக்க, இரவில் மூடுவதற்கு அளவு பார்க்கிறாள் என்று நினைத்தேன். டாக்டரிடம் பெருமையாகச் சொல்லக்கூட வாயெடுத்தேன்.

அப்போது பக்கவாட்டுக் கதவு திறந்தது. டாக்டர் வீட்டம்மா பெரிய தட்டோடு வந்தார். தட்டில் முதலில் கண்ணில் பட்டது என் காபி மக். அதற்குள் மூன்று இலையோடு ஒரு ஸ்ட்ராபெர்ரிச் செடி. அதன் தண்டை மண்ணோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு கொண்டை ஊசி. அடுத்தது என் மழிக்கிற கிண்ணம். பிறகு தகர டப்பாக்கள், தொட்டிகள். தட்டு போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. நெட்டுக்கு இந்தப் பக்கம் வரிசை, அந்தப் பக்கம் வரிசை.

"என்னது இது?"

"புதுச் செடி. ஓடுகொடி போச்சே பார்த்தீங்களே, அதையெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் தொட்டி மண்ணுல வெச்சு, ஊசி குத்தி, வேர் பிடிக்க வெச்சோம். பிடிச்சதும் தாய்ச்செடியிலேர்ந்து நறுக்கிட்டோம். ஸ்ட்ராபெர்ரியைப் புதுப்பிக்கிறது இப்படித்தான். உங்க புத்தகத்துல போடலையா?"

போட்டிருந்தது. அந்தப் பக்கத்தில் நான் காற்புள்ளி தேடிக்கொண்டிருந்தேன்.

"அதே இடத்துல வைக்கக் கூடாதுன்னு சொன்னேனே!"

"இடம்னு நீங்க சொல்லவே இல்லை. 'அதே மண்ணுல'ன்னு சொன்னீங்க. திருப்பிச் சொல்லச் சொன்னேன், அப்பவும் அதேதான் சொன்னீங்க. இது புது மண்ணு, தொட்டியில இருக்கு. தொட்டி மேஜையில இருக்கு. பழைய மண்ணு கீழே ஓய்வெடுக்குது."

ஒற்றெழுத்தைக் கோட்டைவிடாதவன், ஒரு முழு வார்த்தையைக் கோட்டைவிட்டேன்.

"மரம் ஊறிடும்" என்றேன், கடைசி ஆயுதமாக.

"அதுக்குத்தான் மெழுகுத்துணி."

"அப்ப நாங்க எங்கே ஆடறது?"

"மேஜைக்குக் கீழே பூரா காலியாத்தானே இருக்கு?"

ஆதரவு தேடி டாக்டரைத் திரும்பிப் பார்த்தேன். மனுஷன் மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒரு டப்பாவைக் கவனமாக இடம் மாற்றிக்கொண்டிருந்தார்.

"டாக்டர், நீங்களுமா?"

பல் டாக்டர் எல்லாப் பல்லையும் காட்டினார். "கார் உள்ளே வரணும்னா வாயைத் திறக்கக் கூடாதுன்னு வீட்ல சொல்லிட்டாங்க சார்." வாழ்நாள் முழுக்க மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்பவர் அவர். "ஆனா ஐடியா பிரமாதம். இடுப்பு உயரம். நத்தை ஏறாது, குனியவும் வேண்டாம்."

"நடுவுல நெட்டு வேற இருக்கு" என்றாள் மனைவி. "அதுமேல பறவை வலையைப் போட்டா ரெண்டு பக்கமும் கூடாரம் மாதிரி நிக்கும்."

பந்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். டாக்டரும் வீட்டம்மாவும் போனார்கள். சற்று நேரத்தில் கார் கொட்டகைக்குள் நுழையும் சத்தம் கேட்டது. அது எனக்கு எதிராகத் தீர்ப்பு எழுதுகிற சத்தம்.

எவ்வளவு நேரம்தான் முறைத்துக்கொண்டு நிற்பது? பூவாளியை எடுத்தேன். தண்ணீர் விட்டுக்கொண்டே போகும்போது ஒரு டப்பாவில் செடி ஆழமாக இறங்கியிருப்பது கண்ணில் பட்டது. குருத்து மண்ணுக்குள் புதைந்திருந்தது. அப்படியே விட்டால் அழுகிவிடும். கை சும்மா இருக்கவில்லை. மெல்லத் தூக்கி, குருத்து மண்ணுக்கு மேலே தெரியும்படி வைத்து, சுற்றிலும் அழுத்தினேன்.

"பார்த்தீங்களா, நான் கவனிக்கலை" என்றாள் மனைவி. உண்மையாகவே மெச்சிய குரல். "உங்க கண்ணு கண்ணுதான்."

எனக்கு மனசு கொஞ்சம் குளிர்ந்துவிட்டது. மானத்தை விட்டுக் கேட்டேன். "பழமாவது சீக்கிரம் வருமா?"

"இந்த வருஷம் வராது. முதல் பூவையெல்லாம் கிள்ளிடணும், அப்பதான் செடி கெட்டிப்படும். தினம் காலையில நீங்களே கிள்ளிடுங்க. தப்பு எங்கே இருக்குன்னு பார்த்துப் பொறுக்கறதுதானே உங்க வேலை."

"அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷம் ஒவ்வொண்ணும் நாலஞ்சு கொடி விடும். இந்த மேஜை பத்தாது" என்று இரண்டு பக்கமும் ஒரு பார்வை ஓட்டிவிட்டுச் சொன்னாள், "உங்க ஆபீஸ்ல கேரம் போர்டும் இருந்திச்சாமே, நாளைக்கே கேட்டு வாங்கிட்டு வந்துடுங்க."