பன்னிரண்டாவது நோயாளி

சங்கம் என்று ஒன்று இருந்தால் அதில் இவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். கடமை தவறாத உறுப்பினர் என்று பெயர். மற்றவர்கள் சங்கத்தில் சேருவது விசிட்டிங் கார்டில் ஒரு வரியைக் கூட்டிக்கொள்ள. இவர் அப்படியல்ல. சேர்ந்த அன்று குத்துவிளக்கின் முன்னால் நெஞ்சில் கைவைத்துச் சொன்ன உறுதிமொழியை வீட்டுக்குப் போன பிறகும் மறக்காதவர். மற்றவர்கள் இவரைக் கண்டு பயப்படுவது அதனால்தான்.

கலையரசனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் ஃப்ளெக்ஸ் பேனர் கடை, வயது ஐம்பத்து மூன்று, காவிரி சகோதரர் பேரவையில் ஒன்பது வருட உறுப்பினர். பேரவையில் யாரும் யாரையும் 'சகோதரரே' என்றுதான் கூப்பிட வேண்டும். உறுதிமொழியின் நான்காவது வரி: "நோயுற்ற சகோதரனை நேரில் கண்டு, கண்போல் காப்பேன்." ஜூன் முடிவதற்குள் பன்னிரண்டு நோயாளிகளைப் பார்த்தவருக்கு அந்த வருடத்தின் 'சிறந்த சகோதரர்' கேடயம்.

பார்ப்பது என்றால் சும்மா பார்ப்பதா? பேரவையின் மெரூன் பட்டையைத் தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டு, ஆறு சாத்துக்குடியும் இரண்டு ஆப்பிளும் வாங்கிக்கொண்டு, 'விரைவில் நலம் பெறுக' என்ற பேனரில் பெயருக்கு மட்டும் புது ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு போய், நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்து, உறுதிமொழியைக் கூடவே சொல்லவைத்து, பழம் வாங்கும்போது ஒரு போட்டோ, வாங்கிச் சிரிக்கும்போது ஒரு போட்டோ, சிரிக்கவில்லையென்றால் சிரிக்கிறவரைக்கும் போட்டோ எடுத்து, அதே ஆபரேஷனில் போய்ச் சேர்ந்த தன் சித்தப்பாவின் கதையையும் சொல்லி எழுந்தால் மொத்தம் ஏழு நிமிடம். காய்ச்சல் ஒரு டிகிரி ஏறியிருக்கும்.

விளைவு? பேரவையில் யாருக்கும் நோயே வருவதில்லை. செயலாளர் நவநீதன் மூல ஆபரேஷன் செய்துகொண்டு, மலேசியாவில் மகள் வீட்டுக்குப் போயிருந்ததாகச் சொன்னார். திரும்பி வந்ததும் இரண்டு மணி நேரக் கூட்டத்தை நின்றுகொண்டே நடத்தினார். என்ன பணிவு என்று கலையரசன் வியந்துபோனார்.

இந்த லட்சணத்தில் ஜூன் இருபத்தெட்டு வந்துவிட்டது. கலையரசன் கையில் பதினொன்று.

"ஒரு ஜலதோஷம்கூட இல்லையா சகோதரரே?"

"இல்லைங்க. எல்லாரும் கல்லு மாதிரி இருக்கோம்" என்று போனில் இருமலை விழுங்கினார் நவநீதன்.

அன்று மதியம் பெரிய கடை வீதியில் போனபோது, பேரவைச் சகோதரர் அப்துல் அஹத்தின் செருப்புக்கடை பூட்டிக் கிடந்தது. "பாய்க்குக் குடலிறக்கம்ங்க, முந்தாநேத்து ஆபரேஷன். யார்ட்டயும் சொல்லிடாதன்னாரு" என்றார் பக்கத்துக் கடைக்காரர். கலையரசன் முகத்தில் வந்த சிரிப்பை வருத்தமாக மாற்றத் தில்லைநகர் ஆஸ்பத்திரிவரை நேரம் தேவைப்பட்டது.

அறை வாசலில் பட்டையைக் கண்டதுமே அஹத் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சகோதரர் கொஞ்சம் எந்திரிச்சு உக்காந்தா உறுதிமொழிய முடிச்சிடலாம்மா."

"தையல் போட்டிருக்குண்ணே" என்றார் அஹத்தின் மனைவி ரஷீதா. "இருமக்கூடாது, சிரிக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"சிரிக்க வேணாம்மா. சிரிப்ப நான் கம்ப்யூட்டர்ல வச்சுக்கறேன்."

ரஷீதா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அந்த உறுதிமொழியில என்னண்ணே வருது?"

கலையரசன் நெஞ்சில் கைவைத்துக் கணீரென்று சொன்னார். நான்காவது வரி வந்ததும் ரஷீதா கைப்பையை எடுத்துக்கொண்டார்.

"அல்ஹம்துலில்லாஹ்! ரெண்டு நாளா நான் கண்ண மூடலண்ணே. பாலக்கரைக்குப் போயி குளிச்சிட்டு, கஞ்சி வச்சு எடுத்துட்டு வந்துடறேன். மூணு மணி நேரம். யூரின் பை ரொம்புனா நர்ஸக் கூப்பிடுங்க. ஒருவாட்டி கூப்பிட்டா வராது."

"அம்மா, எனக்குக் கடை..."

அதற்குள் லிஃப்ட் மூடிவிட்டது.

அந்த மூன்று மணி நேரம் கலையரசன் என்ன செய்தார்? நர்ஸைத் தேடி நாலு தடவை ஓடினார். உதட்டில் ஸ்பூனால் தண்ணீர் தொட்டுவைத்தார். கரண்ட் போனபோது பேனரை மடித்து விசிறினார். சித்தப்பா கதை இரண்டு தடவை தொண்டைவரை வந்தது. அஹத் முனகுவதைப் பார்த்து உள்ளே தள்ளினார். அஹத் தூங்கிப்போனார், ஆபரேஷனுக்குப் பிறகு முதல்முறையாக.

"நல்லா இருப்பீங்கண்ணே" என்றார் திரும்பி வந்த ரஷீதா.

படியிறங்கும்போதுதான் கலையரசனுக்கு உறைத்தது. போட்டோ! தூங்குகிறவரை எழுப்ப மனம் வராமல், போட்டோ இல்லாமல் கணக்கில் சேருமா என்று போன் போட்டார்.

"படிவத்துல போட்டோவுக்கு இடம் இருக்கு, பழத்துக்கு இடம் இருக்குங்க" என்றார் நவநீதன். "யூரின் பைக்கு எங்கங்க இடம் இருக்கு?"

"அப்ப மூணு மணி நேரமும் வீணா?"

"விதி அப்படிங்களே, சகோதரரே."

மறுநாள் காலை எட்டு மணிக்குப் புதுப் பழத்தோடும் போட்டோக்காரர் டோனியோடும் போய் நின்றார். அஹத் டாக்டரைக் கெஞ்சி ஆறு மணிக்கே வீட்டுக்குப் போயிருந்தார். கட்டிலில் கால் முறிந்து கட்டுப் போட்ட வேறொருவர்; தொட்டியத்து வாழை விவசாயி மருதை. துணைக்கு யாருமில்லை.

கலையரசன் அந்தக் கட்டுப் போட்ட காலையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பையில் கைவிட்டு உறுப்பினர் சேர்க்கைப் படிவத்தை எடுத்தார்.

"ஐயா, எங்க பேரவையில சேந்துக்கறீங்களா? ஒரே ஒரு கையெழுத்துதான்."

"சேந்தா என்னங்க கிடைக்கும்?"

"உடம்புக்கு முடியலன்னா நேர்ல வந்து பாப்போம்ங்க. இப்பவே."

கேடயம் கிடைத்ததா என்று கேட்பீர்கள். மேலூர் ரோட்டுப் பக்கம் போனால் தெரியும்; சீரியல் லைட் போட்டு வைத்திருக்கிறார்.

சிரித்தது போதும். உங்கள் செல்போனை எடுங்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் யாரோ ஒருவர், பக்கத்தில் கவலையான முகத்தோடு நீங்கள். அப்படி ஒரு படம் இருக்குமே? படுத்திருப்பவர் இறுக்கி மூடியிருக்கும் கண்ணைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். அவர் தூங்குகிறார் என்றுதானே அன்றைக்கு நினைத்தீர்கள்?