தில்லைநாயகி முகம் காட்டிய கதை

ஒரு காட்டில் என்று ஆரம்பித்தால் சிங்கத்தை எதிர்பார்ப்பீர்கள். இது கடலோரத்து அலையாத்திக் காடு. சேறு, நண்டு, கொசு, இவைதான் இங்கே பிரமுகர்கள். இறால் பண்ணைக்காக மொட்டையடித்த இடத்தில் மறுபடியும் கன்று நட்டு, வாய்க்கால் வெட்டி, காட்டை மீட்டிருந்தார்கள். ஜனங்கள் படகில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அங்கே தில்லைநாயகி என்றொரு நீர்நாய் இருந்தாள். கூச்ச சுபாவம். படகுச் சத்தம் கேட்டாலே பொந்துக்குள் போய்விடுவாள்.

கூழைக்கடா வைத்தியலிங்கத்துக்கு இது பிடிக்கவில்லை. "உன்னைப் பாக்கத்தான் இவ்ளோ தூரம் வர்றாங்க. கொஞ்சம் மூஞ்சியக் காட்டினா என்ன? நானும் தினம் கிளையில நிக்கிறேன், என்னை யாரும் சீண்டறதில்ல. கூட்டம் நின்னுபோச்சுன்னா திரும்ப இறால் குட்டைதான்."

தில்லைநாயகிக்குப் பக்கென்றது. மறுநாளே வெளியே வந்தாள். படகுக்கு முன்னால் நீந்தினாள், நண்டைக் கடித்துக் காட்டினாள். ஜனங்கள் கைதட்டினார்கள். அவளுக்கும் வெட்கத்தோடு ஒரு சந்தோஷம்.

சில நாளில் பேச்சு மாறியது.

"இவ்ளோ சின்னதா?" என்றார் ஒருவர்.

"தினமும் வருதாமே. அப்புறம் பாத்துக்கலாம்," என்றார் இன்னொருவர்.

"போன்ல பாத்தது மல்லாக்க நீந்துச்சு. இதுக்குத் தெரியல," என்றாள் ஒரு சிறுமி.

கூட்டம் கரைந்தது. காலிப் படகில் உட்கார்ந்து படகோட்டி மரியசூசை போனில் யாரிடமோ சொன்னார்: "ஆளே வர்றதில்லண்ணே. இடத்தைப் பண்ணைக்கே விட்டுடலாம்னு பேசிக்கிறாங்க."

இதைக் கேட்ட தில்லைநாயகி அன்று முழுக்க மல்லாந்து நீந்திப் பழகினாள். இடுப்பு பிடித்துக்கொண்டது. பொந்தில் போய்ப் படுத்தவளால் எழுந்திருக்க முடியவில்லை.

"என்னாலதான் காடு போகுதுண்ணே," என்று பார்க்க வந்த வைத்தியலிங்கத்திடம் அழுதாள்.

அவர் ஒரு மீனை அவள் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

நீர்நாயைக் காணோம் என்ற செய்தி ஊருக்குள் பரவியது. முன்பு அலட்சியமாகத் திரும்பிப் போனவர்கள், "நாங்க கிட்டத்துல பாத்தோமாக்கும்" என்று பெருமையடித்தார்கள். கேட்டவர்களுக்கு வயிறு எரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை படகுத்துறையில் நிற்க இடமில்லை.

மீனுக்காகத் தலையைத் தண்ணீரில் விட்டிருந்தார் வைத்தியலிங்கம். "அதோ, நீர்நாய் வால்," என்றார் ஒருவர். படகு ஒரு பக்கமாகச் சாய எல்லோரும் படம் எடுத்தார்கள். வைத்தியலிங்கத்தின் பின்பக்கம் ஒரே நாளில் ஊரெல்லாம் பிரபலம்.

பண்ணைப் பேச்சு அடங்கியது. புதிதாக இன்னொரு வாய்க்கால் வெட்டி, கன்றும் நட்டார்கள். தில்லைநாயகிக்கு இடுப்பு சரியாகிவிட்டது. ஆனாலும் வைத்தியலிங்கம் அவளை எழுந்திருக்க விடுவதில்லை.

நீதி: ஊருக்கு உழைக்க விரும்புகிறவர்கள் தயவுசெய்து வீட்டைவிட்டு வெளியே வர வேண்டாம்.