முதல் 'ம்'முக்குப் பிறகு

மனித குலம் நெருப்பைக் கண்டது, சக்கரத்தைக் கண்டது, பிறகு நெடுங்காலம் சும்மா இருந்தது. அந்தக் குறையைத் தீர்க்கவே எங்கள் அலுவலகத்தின் நான்காவது மாடியில் பலகை வைக்கப்பட்டது.

பலகை என்றால் சுவர் அகலத்துக்கு ஒரு திரை. உடற்பயிற்சிக்கூடம், காப்பீடு, தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினின் பராமரிப்பு என்று பல நிறுவனங்களுக்காக நாங்கள் வாடிக்கையாளர்களின் வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கிறோம். அதற்கு அவர்கள் கொடுத்த ஒப்புதல்களும், எடுக்கப் போனதன் விளைவுகளும் பலகையில் ஓடிக்கொண்டே இருக்கும். பணம் வந்தால் பச்சை. வராவிட்டால் முன்பெல்லாம் சிவப்பு, அதன் மேல் 'தோல்வி' என்ற சொல். அந்தச் சொல் ஊழியர்களின் மனத்தைப் புண்படுத்துவதாக மேலாளர் உணர்ந்தார். இரண்டரை மணி நேரக் கூட்டத்தில் தோல்வி ஒழிக்கப்பட்டது. இப்போது அதன் பெயர் 'தள்ளிவைக்கப்பட்ட வெற்றி'. நிறம் இளம்பச்சை.

தள்ளிவைக்கப்பட்ட வெற்றிகளைக் கவனித்துக்கொள்ள ஒரு மென்பொருள் உண்டு. ஆவணங்களில் அதன் பெயர் 'அன்பான பின்தொடர்தல்'. நாங்கள் கொக்கு என்போம். காலியான கணக்கின் கரையில் அது ஒற்றைக்காலில் நிற்கும். தூங்காது, விடுப்பு கேட்காது. கணக்கில் பணம் விழுந்த நான்காவது நொடியில் கொத்திவிடும். கணக்குக்காரர் வந்து பார்க்கும்போது தண்ணீர் மட்டும் இருக்கும்.

இந்த மாபெரும் பணியில் என் பங்கு சிறியது. நான் இயற்பியல் பட்டதாரி. ஒலியலைகள் படித்தவள். ஒப்புதலை எழுத்தில் கேட்டால் மக்கள் யோசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள் என்பதால் தொலைபேசியில் குரலாக வாங்குகிறோம். அந்தப் பதிவுகளிலிருந்து இரைச்சலை நீக்குவது என் வேலை. மிக்சி, நாய், குழந்தையின் அழுகை எல்லாவற்றையும் நீக்கிவிட்டுச் சம்மதத்தை மட்டும் மிச்சம் வைக்க வேண்டும்.

நேர்முகத் தேர்வில் எல்லாக் கேள்விக்கும் தலையாட்டினேன். உடனே எடுத்துக்கொண்டார்கள். "வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்று வீட்டில் அம்மா கேட்டுக் கேட்டு அலுத்துப்போன குறை, இங்கே தகுதி ஆனது.

ஒரு செவ்வாய்க்கிழமை தையல்காரம்மா ஒருவர் வந்தார். கழுத்தில் இன்ச் டேப்பைக் கழற்ற மறந்திருந்தார். கையில் இருந்த போனை மேலாளரிடம் நீட்டினார். 'தங்களுக்கு ஏழு தள்ளிவைக்கப்பட்ட வெற்றிகள்! வாழ்த்துகள்!' என்று எங்கள் குறுஞ்செய்தி.

ஏழு மாதமாக இப்படி வாழ்த்து வருகிறது, எதற்கென்று தெரியவில்லை என்றார். தண்ணீர் மெஷின் பராமரிப்புக்காக என்று மேலாளர் விளக்கினார். தன் வீட்டில் அப்படி ஒரு மெஷினே கிடையாது, தண்ணீரைத் துணியில்தான் வடிகட்டுவது, துணிக்கு மட்டும் தன்னிடம் பஞ்சமில்லை என்றார் அவர். மேலாளர் ரசித்துச் சிரித்தார். நகைச்சுவை உணர்வு உள்ளவர்.

விஷயம் வெள்ளிக்கிழமையில் இருந்தது. அன்று ஒரு பள்ளிக்கூடம் அறுபது சீருடைகளுக்கு முன்பணம் போடுகிறது. அதில் துணி எடுத்தால்தான் திங்கட்கிழமை வெட்ட முடியும். எடுக்காவிட்டால் வேலை எதிர்க்கடைக்குப் போய்விடும். ஏழு மாதக் கட்டணம், தாமதக் கட்டணம், வெற்றியைத் தள்ளிவைத்ததற்கான சேவைக் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் ஏறக்குறைய அந்த முன்பணம்.

"ரத்து பண்ணணும்னா மெஷினோட வரிசை எண் வேணும்மா" என்றார் மேலாளர்.

"மெஷினே இல்லையே சார்."

"அப்போ ரத்து பண்ண ஒண்ணுமே இல்ல. நிம்மதியா போங்க."

தையல்காரம்மா போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வெளிப்படைத்தன்மை எங்கள் கொள்கை. ஆகவே மேலாளர் ஒப்புதல் பதிவை ஓடவிட்டார். 'பராமரிப்புத் திட்டத்துல உங்களச் சேர்த்துக்கலாமாம்மா?' என்று இனிமையான ஒரு பெண் குரல். பிறகு ஒரு 'ம்'. நான் சுத்தம் செய்த 'ம்'தான். கழுவித் துடைத்த கண்ணாடி போல இருந்தது.

"உங்க குரல்தானே?"

"குரல் என்னுதுதான். சொன்னது நான் இல்ல."

"ம்-ன்னா சரின்னு சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்மா."

"நான் ம்ஹூம்னு சொன்னேன் சார். ஒரு கைல துணி, ஒரு கைல போனு, வாயில குண்டூசி. வாயில குண்டூசிய வெச்சுக்கிட்டு வேணாம்னு வேற எப்படிச் சொல்றது?"

மேலாளர் கணினியில் குறித்துக்கொண்டார்: 'அழைப்பின்போது வாயில் குண்டூசி வைத்திருந்ததை வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டார்.' ஒப்புதல் எந்த வடிவில் வந்தாலும் நாங்கள் தவறவிடுவதில்லை.

ஆனாலும் அவர் நியாயமான மனிதர். மூலப் பதிவை ஒருமுறை கேட்டுவிட்டு வரும்படி என்னை அனுப்பினார். மூலப் பதிவுகள் நகல் எடுக்கும் மெஷினுக்கும் தரை துடைக்கும் வாளிக்கும் நடுவே ஒரு கணினியில் இருக்கின்றன. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன்.

முதலில் 'ம்'. நொடியில் பத்தில் மூன்று பங்கு. அதை ஒட்டியே, அதைவிடச் சத்தமாக 'ஹூம்'. பிறகு சன்னமான உலோகச் சத்தங்கள். ஒன்று, இரண்டு, ஐந்து. வாயைத் திறந்ததும் உதிர்ந்தவை முத்துகள் அல்ல. கடைசியாகத் தெளிவாக, "வேணாம்மா."

முதல் 'ம்'முக்குப் பிறகு வருவதெல்லாம் இரைச்சல். அந்த விதியை எழுதியது நான்தான். அது நடைமுறைக்கு வந்த மாதம் ஒப்புதல் விகிதம் இருமடங்கானது. எனக்கு ஒரு பூந்தொட்டி பரிசளித்தார்கள்.

திரும்பி வந்தேன். "மூலப் பதிவும் இதேதானே?" என்று மேலாளர் கேட்டார். தையல்காரம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். தோள் அகலத்தைக் கண்ணாலேயே அளப்பவர்கள் பார்க்கும் பார்வை.

"நீ என்ன கேட்டியோ அதச் சொன்னாப் போதும்மா" என்றார்.

நான் பதில் சொன்னேன். நீளமான பதில் இல்லை. மேலாளர் நன்றி சொன்னார். தையல்காரம்மா கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றி, விரலில் மெதுவாகச் சுற்றி, பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி பதினான்கு நிமிடத்துக்குப் பலகையில் ஓர் இளம்பச்சை வரி பச்சையானது. ஏழு வெற்றிகள் ஒரே கொத்தில். மாடி முழுவதும் கைதட்டியது. மேலாளர் கேக் வரவழைத்தார். "ஏழு மாசம் நம்பிக்கை இழக்காம நின்னுச்சு பாருங்க. மனுஷனுக்கு வருமா இந்தப் பொறுமை?" என்று கொக்கைப் பாராட்டினார். என் துண்டில் ஒரு செர்ரிப்பழம் இருந்தது.

திங்கட்கிழமை பேருந்தில் வரும்போது பார்த்தேன். தையல்காரம்மாவின் கடை திறந்திருந்தது. தையல் மெஷின் மேல் துணி போர்த்தியிருந்தது. எதிர்க்கடை வாசலில் நீலத் துணி கட்டுக்கட்டாக இறங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் அலுவலகத்தில் ஊழியர்களின் பேச்சும் தர மேம்பாட்டுக்காகப் பதிவாகிறது. ஒவ்வொரு ஆண்டும் அந்தப் பதிவுகளில் மிகச் சிறந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் புதியவர்களின் பயிற்சியில் போட்டுக் காட்டுவார்கள். இந்த ஆண்டு அந்தப் பெருமை எனக்குக் கிடைத்தது. முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். கூச்சமாக இருந்தது.

"தூய ஒப்புதல்னா இதுதான்" என்றார் மேலாளர். "மிக்சி இல்ல, நாய் இல்ல. நீக்கறதுக்கு இதுல ஒண்ணுமே இல்ல. கேளுங்க."

'மூலப் பதிவும் இதேதானே?' என்று ஒலிபெருக்கியில் அவர் குரல். 'நீ என்ன கேட்டியோ அதச் சொன்னாப் போதும்மா' என்று தையல்காரம்மாவின் குரல். பிறகு என் குரல்.

'ம்.'

அரங்கு கைதட்டியது. எனக்கு இன்னொரு பூந்தொட்டி.

அதற்குப் பிறகு அந்தப் பதிவை நகல் மெஷினுக்கும் வாளிக்கும் நடுவே உட்கார்ந்து பலமுறை கேட்டிருக்கிறேன். தொழில் முறையில்தான். ஒலியைக் கூட்டி, முதல் 'ம்'முக்குப் பிறகு ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். ஒரு 'ஹூம்' இல்லை. தரையில் எதுவும் விழும் சத்தமும் இல்லை. மேலாளர் சொன்னது உண்மை. நீக்குவதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

அன்று என் வாயில் குண்டூசி எதுவும் இல்லை.