ஆட்டுப் பட்டியும் கம்ப்யூட்டரும்

கனவு காண்பவர்களைச் சோம்பேறி என்று சொல்லக்கூடாது. இரண்டும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும், அவ்வளவுதான். எழுபதுகளின் நடுவில், இருபத்திரண்டு வயதில், பெருமாட்டி என்ற ஊரில், ஒரு வயலோரத் தென்னையடியில் மல்லாந்து படுத்தபடி நான் விவசாய ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். (படுத்திருந்ததைக் குறிப்பேட்டில் எழுதவில்லை.)

மண்ணிலிருந்து தழைச்சத்து எவ்வளவு அமோனியாவாகக் காற்றில் போகிறது என்று அளப்பது என் வேலை. யூரியா போட்ட பாத்தி ஒன்று, ஒன்றுமே போடாத பாத்தி ஒன்று. மண்மேல் அமிலக் கிண்ணம் வைத்துத் தகர டப்பாவைக் கவிழ்க்க வேண்டும். கிண்ணம் எவ்வளவு அமோனியாவைப் பிடித்திருக்கிறது என்று தினமும் சோதித்து எழுத வேண்டும். மெட்ராஸில் ஒரு கம்ப்யூட்டர், எங்கள் புரொபசரின் சமன்பாடுகளை வைத்து இதே அளவைக் கணித்துக்கொண்டிருந்தது. வேலையை ஒழுங்காக முடித்தால் அந்தக் கம்ப்யூட்டரிலேயே வேலை செய்ய என்னை அழைத்துப்போவதாகப் புரொபசர் சொல்லியிருந்தார்.

அன்றே நான் மெட்ராஸ் போய்விட்டேன், உடம்பு மட்டும் பெருமாட்டியில். மலைக் கணவாய் வழியாக வரும் காற்றில் ஓலைகள் அசையும். கண்ணை மூடினால் குளிர்ந்த அறை, சுவரளவு இயந்திரம், துளை போட்ட அட்டைகள் சரசரவென்று விழும் சத்தம். டப்பாக்களுக்குள் மண் மெல்ல மூச்சுவிடுவது கேட்பதாகக்கூட நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் விழித்தபோது கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கிண்ணத்தைச் சோதிக்க முடியாது. சமன்பாடுதான் கையில் இருக்கிறதே! வெயில், ஈரம் எல்லாம் போட்டுக் கணக்கிட்டு எழுதினேன். அழகாக வந்தது. மறுநாளும் அப்படியே. பிறகு கல்பாத்தியில் இருந்த எங்கள் வீட்டு மாடியிலிருந்தே பெருமாட்டி மண்ணை அளக்கத் தொடங்கினேன்.

நான் அனுப்பிய அளவுகளைப் பார்த்துவிட்டுப் புரொபசர் கடிதம் போட்டார்: "கம்ப்யூட்டரோடு இவ்வளவு ஒத்துப்போகும் அளவுகளை நான் பார்த்ததே இல்லை. நேரில் வருகிறேன்." மெட்ராஸுக்கு எடுத்துப்போக அம்மா நாரத்தங்காய் ஊறுகாய் போட்டாள்.

ஜீப்பை விட்டு இறங்கி வரப்பில் கால் வைத்ததுமே புரொபசருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மூக்கில் கைக்குட்டையை வைத்தார். ஒன்றும் போடாத பாத்தி முழுக்க ஆட்டுப் புழுக்கை. டப்பாக்கள் நசுங்கிக் கிடந்தன. நிலத்துக்காரி மாராத்தாள் முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வந்தாள்.

"வாங்க சார்! ஏனுங்க அம்மிணி, ஒரு வாரமா ஆளையே காணோம்? அந்தப் பாத்திக்கு ஒண்ணுமே போடாம உட்டுப்போட்டீங்க, பாக்கவே பாவமா இருந்துச்சுங்க. அதான் நாலு நாளா ஆட்டுப் பட்டி போட்டு உட்டனுங்க!"

நூறு ஆடுகள் நான்கு இரவு அடைந்து கிடந்து, அமோனியா நெடி வீசும் மண். புரொபசர் என் குறிப்பேட்டைத் திறந்தார். அந்த நான்கு நாளுக்கும் நான் எழுதியிருந்தது பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், புள்ளி நாலு. (கடைசியை நம்பகத்தன்மைக்காகச் சேர்த்திருந்தேன்.)

"நேத்து கிண்ணத்தை எடுத்துப் பார்த்தியாம்மா?"

"பார்த்தேன் சார்."

"அதோ, கோழி தண்ணி குடிக்குதே, அந்தக் கிண்ணமா?"

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். ஆனால் அந்த வாடையில் அதுவும் வாயைத் திறக்கவில்லை.

அவர் கத்தவில்லை. "கம்ப்யூட்டர் சொன்னதையே நீயும் சொல்றதுக்கு உன்னை எதுக்கு இங்க அனுப்பணும்? அதுதான் மெட்ராஸ்லயே இருக்கே" என்றார்.

வெட்கத்தில் அழுதேன். தப்பு தன்னுடையது என்று நினைத்து மாராத்தாளும் அழுதாள். "ஆட்டை வேணா ஓட்டிப்போடறனுங்க சார், அம்மிணிய வையாதீங்க!"

மெட்ராஸுக்கு ஊறுகாய் மட்டும் போனது. நான் இன்னொரு வருஷம் அதே வயலில் கிண்ணம் கிண்ணமாக அளந்தேன். ஒன்றுகூடக் கம்ப்யூட்டரோடு ஒத்துப்போகவில்லை. கடைசியில் புரொபசர்தான் சமன்பாட்டை மாற்றினார். பல வருஷம் கழித்து அந்த இயந்திரத்தைப் பார்த்தேன். குளிர்ந்த அறைதான், சுவரளவுதான். ஆனால் எந்த வாசனையும் இல்லாமல் எனக்கு என்னவோபோல் இருந்தது.

இன்றும் நாற்காலியில் கண்ணை மூடியபடியே, "பால் இன்னும் பொங்கலை" என்று நான் சொன்னால், இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்த என் பெண் கேட்பாள்: "அம்மா, இது மெட்ராஸ் அளவா, மாராத்தா வயல் அளவா?"

அதற்குள் அடுப்பிலிருந்து தீய்ந்த வாடை வந்துவிடும்.