தன்மைப் பன்மை

வெண்கரை என்றொரு நாடு இருந்தது. மலையில் பிறந்து கடலில் முடியும் ஓர் ஆறு, அதன் இரு கரையிலும் ஊர்கள், ஆறு கடலில் விழும் இடத்தில் தலைநகரம். நாடு அவ்வளவுதான். அங்கே அரசரை மக்களே தேர்ந்தெடுத்தார்கள். மகுடவர்மரையும் அப்படித்தான் மாலை போட்டு, வெடி வெடித்து, தோளில் தூக்கிக்கொண்டு போய் அரியணையில் உட்கார வைத்தார்கள்.

உட்கார்ந்தவர் முதலில் கை வைத்தது இலக்கணத்தில்.

ஆற்றின் மேல்கோடியில் இருந்த மேலத்துறை என்னும் ஊரில் மங்களவல்லி இலக்கணம் கற்பித்துவந்தாள். அவளுடைய பள்ளிக்கூட வாசலில் ஒரு நாள் பல்லக்கு வந்து நின்றது. இறங்கியவர் சொல்லமைச்சர் புண்டரீகர்.

"ஆசிரியை அம்மா, 'எதிர்' என்னும் வினைச்சொல்லைத் தாங்கள் எவ்வாறு பயிற்றுவிக்கிறீர்கள்?"

"மத்த வினைச்சொல் மாதிரிதாங்க ஐயா. எதிர்க்கிறேன், எதிர்க்கிறோம், எதிர்க்கிறாய்..."

பல்வலிக்காரர் போல அமைச்சர் முகத்தைச் சுளித்தார். "போதும். மன்னர் மொழிப்பற்று மிக்கவர். அச்சொல்லை அவர் தடை செய்யவில்லை. தன்மையில் மட்டும் வேண்டாம் என்கிறார். நான், நாங்கள், நாம் ஆகியவற்றோடு அந்த வினை சேரலாகாது. படர்க்கையில், இறந்தகாலத்தில் தாராளமாகப் பயிற்றுவிக்கலாம். எதிர்த்தான், அழிந்தான். எதிர்த்தார்கள், அழிந்தார்கள். ஓசையும் நன்றாக இருக்கிறது, இல்லையா?"

வீட்டில் சொன்னபோது அவள் கணவன் கடலப்பன் சிரித்தான். அவன் படகுக்காரன். தலைநகருக்கு அரிசி மூட்டை கொண்டுபோய், உப்பு ஏற்றிக்கொண்டு திரும்புவான்.

"ஒரு சொல்லுதானே வல்லி, போனா போவுது. நீ பாட்டுக்குப் பாடத்த நடத்து."

அவளும் நடத்தினாள். பிள்ளைகள் அதை ஒரே ராகத்தில் பாடினார்கள்.

ஆனால் சந்தையில் இளைஞர்கள் 'எதிர்த்தார்கள்' என்பதை மட்டும் உரக்கச் சொல்லிவிட்டு, 'அழிந்தார்கள்' என்பதைச் சொல்ல மறந்துபோவதாகத் தலைநகருக்குத் தகவல் போனது. அடுத்த ஆணை வந்தது. அந்தச் சொல் அடியோடு நீக்கப்பட்டது. அதன் சுற்றமும் கூடவே போயிற்று. எதிர்காலம் போயிற்று. எதிர்பார்ப்பது போயிற்று. எதிர்வீடு என்று ஒன்று இருக்கலாகாது என்பதால், தெருவின் ஒரு சாரியில் வாசல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். அந்த வீட்டுக்காரர்கள் கொல்லைப்புறமாகப் போய்வந்தார்கள். நாளாக ஆக, அங்கே ஆள் இருப்பதே மற்றவர்களுக்கு மறந்துபோயிற்று.

ஒரு நாள் பிள்ளைகள் மலையடிவாரத்தில் நின்று கூவினார்கள். எப்போதும் பதிலுக்குக் கூவும் மலை பேசாமல் நின்றது. மறுபடியும் கூவினார்கள். குரல் போய்க்கொண்டே இருந்தது, திரும்பவில்லை. ஒரு சிறுமி அழத் தொடங்கினாள். மங்களவல்லி அவர்களை அவசரமாக வீட்டுக்கு அனுப்பினாள்.

மூன்றாம் ஆணையைப் புண்டரீகரே வந்து படித்தார். "சொல் போனபின் செயல் மட்டும் நீடிப்பது முறையாகாது. ஆறு மன்னரின் திருவடியை நோக்கி ஓடுகிறது. அந்த ஓட்டத்துக்கு மாறாகத் துடுப்புப் போடுவது, நீக்கப்பட்ட அந்தச் செயலே ஆகும். கரையோரமாக மேல்நோக்கி நடப்பதும் அதுவே. கீழ்நோக்கிச் செல்வதற்குத் தடை ஏதும் இல்லை. மன்னர் பயணத்தை ஊக்குவிக்கிறார்."

வரி அரிசி ஏற்றிய படகோடு கடலப்பன் கிளம்ப வேண்டியிருந்தது.

"போனா எப்படிங்க வருவீங்க?"

"அரண்மனையில சொல்லி எப்படியாவது அனுமதி வாங்கிட்டு வந்துடறேன். நம்மகிட்ட என்ன விரோதம் அவங்களுக்கு?"

படகு வளைவில் மறைந்தது. அவன் வரவில்லை. அவனுக்குப் பின் போன யாரும் வரவில்லை. வரி கொடுக்க ஆண்கள் போனார்கள், ஆண்களைத் தேடிப் பெண்கள் போனார்கள். முட்டையிட ஆற்றில் ஏறிவரும் மீன்கள்கூட அந்த ஆண்டு வரவில்லை. மங்களவல்லி தினமும் துறையில் நின்றாள். தான் அங்கே நிற்பதற்கு நாட்டில் சொல் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் உதட்டை அசைக்காமல் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள்: எதிர்பார்க்கிறேன், எதிர்பார்க்கிறேன்.

பள்ளியில் பிள்ளைகளே இல்லாமல் போனபோது, மிச்சமிருந்த ஓடத்தில் ஏறி அவளும் ஆற்றோடு போனாள். வழியெல்லாம் ஊர்கள் இருந்தன, ஆட்கள் இல்லை. அடுப்புகளில் புல் முளைத்திருந்தது.

தலைநகரின் கடற்கரையில் நாடே நின்றது. ஆணும் பெண்ணும் குழந்தைகளும் தோளோடு தோள் ஒட்டி, கடலைப் பார்த்தபடி, சத்தமில்லாமல் நின்றார்கள். ஒருவர்கூடத் திரும்பவில்லை. வேல் பிடித்த வீரர்களும் அப்படியே நின்றார்கள். பிடரிகளையே பார்த்துக்கொண்டு போன மங்களவல்லி, துடுப்பைச் சுமந்து சுமந்து வலது தோளில் காய்ப்பு ஏறிய ஒரு முதுகைக் கண்டு நின்றாள்.

"ஏங்க... நான்தான்."

"வல்லியா?" என்றான் கடலப்பன். குரல் அவனுடையதுதான். ஆனால் திரும்பவில்லை. அவள் முன்னால் போய் நின்றாள். அவன் முகத்தை மெல்ல விலக்கிக்கொண்டான். புன்னகை மட்டும் அப்படியே இருந்தது.

"வீட்டுக்குப் போலாம் வாங்க."

"போலாமே," என்று அவன் கடலைக் காட்டினான். "இந்தப் பக்கந்தானே?"

அவன் காட்டிய திசையில் கப்பல்கள் வந்துகொண்டிருந்தன. கொடியில்லாத, வாய் திறந்த பீரங்கிகள் வைத்த கப்பல்கள். கரையில் நின்ற அத்தனை பேரும் அவற்றைப் பார்த்துப் புன்னகை செய்தார்கள். வீரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அரண்மனை மாடத்திலிருந்து மகுடவர்மர் கத்தினார். "தடுங்கள்! போங்கள்! அந்தக் கப்பல்களை... அந்தக் கப்பல்களை..." அதற்கு மேல் அவருக்கு வார்த்தை வரவில்லை.

புண்டரீகர் மூச்சிரைக்க ஓடிவந்தார். தலைப்பாகை அவிழ்ந்து தொங்கியது. வந்தவர் மங்களவல்லியை அடையாளம் கண்டுகொண்டார். "ஆசிரியை அம்மா! அந்த வினைச்சொல்... அது தங்களுக்கு இன்னும் நினைவிருக்கிறதா?"

"இருக்குதுங்க."

அமைச்சர் அந்த இடத்திலேயே நிமிர்ந்து நின்று தொண்டையைச் செருமினார். "இன்று பொழுது சாயும்வரை மட்டும், தன்மைப் பன்மையில் மட்டும், அச்சொல் அனுமதிக்கப்படுகிறது. வாருங்கள், உடனே பயிற்றுவியுங்கள்!"

அவளை மாடத்துக்கு இழுத்துப் போனார். கீழே கடல்வரைக்கும் முதுகுகள். பக்கத்தில் அரசர் வியர்த்து நின்றார். மங்களவல்லி பள்ளிக்கூடக் குரலில் சொன்னாள்:

"எதிர்ப்போம்."

ஒன்றும் நடக்கவில்லை. அலைகூட எழவில்லை. அவள் மறுபடி சொன்னாள். எங்கோ ஒரு கிழவனின் குரல், தூக்கத்தில் பேசுவதுபோல, "எதிர்ப்போம்" என்றது. பிறகு ஒரு குழந்தை. பிறகு நாலைந்து பேர். அவள் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தச் சொல் முதுகிலிருந்து முதுகுக்குப் பரவி, கடைசியில் மணலே முனகுவதுபோல் கேட்டது. தூரத்து மலையிலிருந்து அது திரும்பியும் வந்தது.

புன்னகைகள் உதிர்ந்தன. கூட்டம் மெல்ல அசைந்தது. ஒரு தலை திரும்பியது, பிறகு பக்கத்துத் தலை. அடுத்த கணம் நாடு முழுவதும் திரும்பி நின்று மாடத்தை அண்ணாந்து பார்த்தது. கண் கொட்டாத அத்தனை முகங்களுக்கு நடுவில் கடலப்பனின் முகத்தையும் அவள் கண்டாள். அவன் அழுதுகொண்டிருந்தான்.

மகுடவர்மர் ஓரடி பின்வாங்கினார்.

"எதை என்று சொன்னாயா?" என்றார் புண்டரீகர். "கப்பல்களை என்று சொல்லிக்கொடுத்தாயா?"

"அது செயப்படுபொருளுங்க ஐயா," என்றாள் மங்களவல்லி. "அதுக்கு எனக்கு உத்தரவு வரலையே. வினைச்சொல்லைத்தானே கேட்டீங்க."

கீழே கூட்டம் நடக்கத் தொடங்கியிருந்தது. கடல் அவர்களுக்கு முதுகுப்புறம் இருந்தது.