பழுப்பு அட்டை போட்ட புத்தகங்கள்

நூலகத்துக்குள் கொண்டுவந்த சொந்தப் புத்தகத்தைத் திரும்ப வெளியே கொண்டுபோயே ஆகவேண்டும் என்று ஒரு விதி இருப்பது பேராசிரியருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ரெண்டு சொந்தப் புத்தகம்னு எழுதியிருக்கீங்க. போகும்போது ரெண்டையும் காட்டிட்டுப் போங்க சார்," என்றார் வாசல் காவலர்.

பேராசிரியர் தலையாட்டிவிட்டு உள்ளே நடந்தார். பையில் இருந்தவை இதே நூலகத்திலிருந்து அவர் என்றோ சத்தமில்லாமல் எடுத்துப்போனவை. வீட்டில் இன்னும் முப்பத்தொன்பது இருந்தன. அதைத் திருட்டு என்றால் அவருக்குக் கோபம் வரும். "படிக்கிறவன் எடுத்தா அது திருட்டே இல்லய்யா. படிக்காம பூட்டி வச்சிருக்கான் பாரு, அவன்தான் திருடன்," என்று ஆசிரியர் அறையில் மேஜையைத் தட்டிப் பேசுகிறவர்.

இப்போது புது நூலகர் வந்து, ஒன்றாம் தேதி முதல் அலமாரி அலமாரியாகச் சரிபார்க்கப் போகிறாராம். பேராசிரியருக்கோ இந்த மாதக் கடைசியில் ஓய்வு. முப்பது வருடம் சேர்த்த பெயர் ஒரே நாளில் நாறிவிடும். அதனால்தான் நாளுக்கு இரண்டாக இந்தத் தலைகீழ்க் கடத்தல்.

முத்திரை வெளியே தெரியாமலிருக்க எல்லாவற்றுக்கும் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு, முதுகில் அலமாரி எண்ணை மட்டும் எழுதிவைப்பது அவர் வழக்கம். எண்ணைப் பார்த்து இரண்டையும் அதனதன் இடத்தில் செருகினார். அட்டையைக் கிழிக்கப் போன நேரத்தில் தள்ளுவண்டிச் சத்தம் கேட்டது. புத்தகம் அடுக்குகிற பெண் வந்துகொண்டிருந்தாள்.

"வாங்க சார். வீட்ல அம்மா நல்லா இருக்காங்களா?"

"இருக்கா, இருக்கா," என்று நழுவினார்.

வெளியே போக இரண்டு புத்தகம் வேண்டுமே! நல்லவேளை, பையில் பழுப்புக் காகிதம் கொஞ்சம் கிடந்தது. அலமாரியிலிருந்து கைக்கு வந்த இரண்டை உருவிக்கொண்டு கழிவறைக்குள் புகுந்து அட்டை போட்டார். கை பழகிய வேலை, இரண்டே நிமிடம்தான் ஆனது.

காவலர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காலைல அட்டை கசங்கிக் கிடந்துச்சே சார். இப்ப மொடமொடன்னு இருக்கு?"

பிரித்தார். நூலக முத்திரை பல்லிளித்தது.

நூலகர் ஓடிவந்தார். "சார், நீங்களா?"

இனி மூடி மறைத்துப் பயனில்லை. "மேடம், நான் திருட வரல. என்னைக்கோ எடுத்ததைத் திருப்பி வைக்க வந்தேன். நம்பலன்னா உள்ள பாருங்க, பழைய அட்டையோட ரெண்டு இருக்கும்."

அடுக்குகிற பெண் போய் எடுத்துவந்தாள். நூலகர் அட்டைகளைப் பிரித்தார். ஒன்று பழைய டெலிபோன் டைரக்டரி. இன்னொன்று என்றோ காலாவதியான ரயில் கால அட்டவணை.

பேராசிரியர் இரண்டையும் பிடுங்கிப் புரட்டிப் பார்த்தார். பிறகு குரல் கிளம்பியது. "ஐயோ, என் புத்தகம்! என் வீட்டுக்குள்ளயே எவனோ புகுந்து திருடியிருக்கான் மேடம்!"

"யாரும் திருடல சார்," என்றாள் அடுக்குகிற பெண். "நீங்க எடுத்துட்டுப் போறதையெல்லாம் அடுத்த வாரமே உங்க வீட்டம்மா கொண்டாந்து என்கிட்ட குடுத்துடுவாங்க. 'அட்டைக்குள்ள வேற எதையோ வச்சிட்டு வர்றீங்களே, சார் கண்டுபிடிச்சிட மாட்டாரா'ன்னு ஒருநாள் கேட்டேன். 'பிரிச்சுப் படிச்சாத்தானே'ன்னாங்க."