எலுமிச்சம்பழத்தில் ஓடிய ஜாவா

சேலையூர் கேம்ப் ரோட்டில் அன்று வண்டிகள் நகரவில்லை. விபத்து என்று நினைத்துவிடாதீர்கள். வேக சித்தர் வந்திருந்தார். கல்யாண மண்டபம் கொள்ளாத சாப்ட்வேர்க் கூட்டம். பட்டம் வாங்கிய கைகளில் எல்லாம் லேப்டாப், அதன் நெற்றியில் விபூதிப் பட்டை.

ஜாவா புரோகிராமை ஓட ஓட இயந்திர பாஷைக்கு மாற்றித் தருவது ஜிட் கம்பைலர். சந்தையில் பல உண்டு. எது நம்பகமானது என்று சோதித்துப் பார்க்கலாம். அதற்கு உழைக்க வேண்டுமே! முதலாளியின் நட்சத்திரத்தைச் சொன்னால் போதும், பொருத்தமான கம்பைலரைச் சித்தர் சொல்லிவிடுவார். இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் 'மின்னல்' என்ற ஒரே கம்பைலர்தான் பொருந்தியது. என்னே கிரகங்களின் ஒற்றுமை!

கூட்டத்தில் முதலாளியோடு ஜோசலினும் நின்றாள். திருமுடிவாக்கம் பட்டறையில் இரும்புத் தகடு வெட்டும் இயந்திரத்துக்குப் புரோகிராம் எழுதியவள் அவள்.

"சித்தர் சொல்றதைத்தான் போடணும்மா," என்றார் முதலாளி பட்டாபிராமன். "தகடு தப்பா வெட்டினா உன் வேலை போயிடும்."

புகழ் சித்தருக்கு, பழி ஜோசலினுக்கு. நல்ல நியாயம்.

சித்தர் அவள் புரோகிராமை மின்னலில் ஓடவிட்டார். முதல் கணக்குகள் ஆமையாய் ஊர்ந்தன.

"சனி புடிச்சிகினு கீது," என்று எலுமிச்சம்பழத்தைச் சுற்றினார், கற்பூரம் காட்டினார். அதற்குள் கணக்குகள் பறக்க ஆரம்பித்தன. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"சாமி, மறுபடி முதல்லேர்ந்து ஓட்டறேன்," என்றாள் ஜோசலின். "இந்தத் தடவை அருளை நிறுத்தி வைங்க. வேகம் வரக் கூடாது."

"அருள் இன்னா குழாத் தண்ணியா, நிறுத்துறதுக்கு?"

"குடுக்கத் தெரிஞ்சவருக்கு நிறுத்தத் தெரியாதா?"

ஜோசலின் மறுபடி ஓட்டினாள். பழம் இல்லை, கற்பூரம் இல்லை. புரோகிராம் முதலில் ஊர்ந்தது. பிறகு தானாகவே பறந்தது.

"திரும்பத் திரும்ப ஓடற இடத்தைப் பார்த்து ஜிட் மாத்திக்கும் சார். அதான் முதல்ல மெதுவு, அப்புறம் வேகம். எந்த ஜிட்டும் இப்படித்தான். விடை சரியான்னு யாராவது பார்த்தீங்களா?"

யாரும் பார்த்திருக்கவில்லை. இப்போது பார்த்தார்கள். மூன்றடித் தகட்டில் நாலடித் துண்டு வெட்டச் சொல்லியிருந்தது மின்னல். அதே புரோகிராமை வேறொரு கம்பைலரில் ஓட்டிக் காட்டினாள். பட்டறையில் ஏற்கெனவே சரியாக வெட்டிய அளவு அச்சாக வந்தது.

"யோவ் சித்தரே, இன்னாய்யா இது?" என்று கூட்டம் நெருங்கியது.

"என்னை ஏம்ப்பா கேக்குறீங்க? மின்னலை எழுதினவன் என் மச்சான்," என்று உளறிவிட்டுச் சித்தர் சமையற்கட்டு வழியாக ஓட்டமெடுத்தார். அப்போதுதான் அவருடைய உண்மையான வேகம் தெரிந்தது.

பட்டாபிராமன் அசடு வழிந்தார். "அப்போ எந்தக் கம்பைலரைம்மா நம்பறது?"

"எதையும் சும்மா நம்பாதீங்க சார். விடை தெரிஞ்ச கணக்கைக் குடுத்துப் பாருங்க. சரியா சொல்றதை வச்சுக்கலாம். என் வேலையும் தப்பிக்கும்."

ஒரே காரியத்தைப் பலமுறை செய்தால் ஜாவாகூடத் தேறிவிடுகிறது. ஒரே ஏமாற்றில் தலைமுறை தலைமுறையாக விழுந்தும் தேறாத ஜென்மம் மனிதன்தான். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் ஐயா, மூளையும் ஓட ஓடத்தான் சூடு பிடிக்கும்.